ஓசூர் ரயிலில் கேட்ட குரல்... கொடுமுடிக்கு ஒரு பயணம்!

சனிக்கிழமை மாலை ஓசூர் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு, தோளில் பை. சிப்காட்டில் ஷிப்ட் முடித்து ஊருக்குக் கிளம்பும் கூட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அப்பாவும் அப்படி வேலைக்காக இங்கே வந்தவர்தான். அம்மாவுக்குக் கொடுமுடிப் பக்கம். அம்மாயியைப் பார்க்க நானும் அந்தக் கூட்டத்தோடு ஏறினேன்.

தருமபுரி தாண்டியதும் ஒரு சிறுமி பாட ஆரம்பித்தாள். பத்து வயது இருக்கலாம். கையில் ஸ்பீக்கர் இல்லை, தாளக்கட்டை இல்லை, வெறும் குரல்தான். ஹெட்போன் மாட்டியிருந்தவர்கள்கூடக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். பத்து ரூபாய் கொடுத்தேன். அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

ஊருக்குப் போய் இதைச் சொன்னதும் அம்மாயி கேட்ட முதல் கேள்வி: "பேரு என்னன்னு கேட்டியா கண்ணு?"

கேட்கவில்லை.

"எங்கூரு சுந்தராம்பாளும் ரயில்ல பாடுன புள்ளதான்" என்றார்.

கே.பி.சுந்தராம்பாள். 'கே' என்பது கொடுமுடி, 'பி' அம்மா பாலாம்பாள். 1908-ல் காவிரிக்கரையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட, குடும்பத்தின் பசிக்காக ரயிலில் பாடினார். அந்தக் குரலைக் கேட்ட ஒருவர் நாடகத்தில் சேர்த்துவிட்டார் என்று சொல்வார்கள். முதலில் கிடைத்தது, 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையின் வேடமாம். அதற்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது!

அப்போது நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் கேட்க வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும். ஒரு நிமிட ரீல்ஸுக்கே காலர் மைக் மாட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு இது புரிய நேரமாகும். 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களில் வள்ளிக்கும் வேலனுக்கும் பாட்டிலேயே தர்க்கம் நடக்கும். எதிரில் இருப்பவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் பின்வாங்கக் கூடாது.

அப்படி எதிரில் வந்து நின்றவர்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. 1926-ல் இலங்கையில் சேர்ந்து நடித்தார்கள். அடுத்த வருடமே திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. மேடையில் பொருந்திய அளவுக்கு வீட்டில் பொருந்தவில்லை. மனவருத்தங்களும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அதன்பின் வெள்ளைப் புடவை. இன்னொரு ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. மேடையில் கதாநாயகியாக நடித்த ஒருவர் இப்படி முடிவெடுத்தால் பிழைப்பு என்ன ஆகும்? அவர் கண்டுபிடித்த வழிதான் என்னை அசத்துகிறது. 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய்! அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்'. நாற்பதுகளில் இருந்தபோதே கிழவியாக நடித்தார். 1965-ல் 'திருவிளையாடல்' படத்திலும் அதே ஔவை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஔவையார் என்றால் இன்றும் அந்த முகம்தான்.

நடுவே காங்கிரஸ் பிரசார மேடைகள், சட்ட மேலவை உறுப்பினர் பதவி, 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

மறுநாள் காலை அம்மாயியோடு மகுடேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். சிவனும் பெருமாளும் பிரம்மாவும் இருக்கும் தலம் இது. பிரம்மா வன்னி மரத்தடியில் இருக்கிறார். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியதும் இங்கேதான். படித்துறையில் காவிரி நிதானமாகப் போகிறது. கர்நாடகத்திலிருந்து ஒகேனக்கல் வழியாக நம்மூர்ப் பக்கத்தைத் தொட்டுவிட்டு வரும் அதே தண்ணீர்.

"இந்த ஊருல சினிமாக் கொட்டாயும் கட்டுனாங்க அந்தம்மா. பாட்டு மட்டும் பாடிட்டு வெளியூர்லயே இருந்துரல" என்றார் அம்மாயி, ஈரப் படியில் பார்த்துக் கால் வைத்தபடி.

ஓசூரிலிருந்து போகிறவர்கள் சேலம், ஈரோடு வந்து, கரூர் பாதையில் கொடுமுடியில் இறங்கலாம். கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது.

ஞாயிறு இரவு திரும்பினேன். தருமபுரி வரும்போது எழுந்து இரண்டு பெட்டிகள் நடந்து பார்த்தேன். அந்தச் சிறுமி இல்லை. காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.