முதுகுப்பையோடு ஒரு தலைநகருக்கு

பரிசில் இருக்கிற பெரியம்மாவின்ர மகள், எங்கட அக்கா, போன கோடை விடுமுறைக்குத் தனியாக முதுகுப்பையை மாட்டிக்கொண்டு லிஸ்பன் போனவ. ஒரு நாளைக்கு நாற்பது படம் வட்சப்பில் வந்து விழும். மஞ்சள் ட்ராம், மேடு ஏறுகிற கல் ஒழுங்கைகள், ஆற்றங்கரையில் பெலெம் கோபுரம். ஒரு படத்துக்குக் கீழே, "தம்பி, எங்கட ராச்சியத்தைப் பிடிச்சவங்கட ஊரில நிக்கிறன்" என்று எழுதியிருந்தா.

எல்லாப் படத்திலும் என்னைப் பிடித்து வைத்தது கார்மோ மடாலயம். 1755ஆம் ஆண்டுப் பூமியதிர்ச்சியில் கூரை விழுந்த தேவாலயம் அது. திருப்பிக் கட்டத் தொடங்கி இடையில் விட்டுவிட்டார்கள். பிறகு 1864இல் அதற்குள்ளேயே தொல்பொருள் அருங்காட்சியகம் வைத்தார்கள். வெறும் வளைவுகள், மேலே வானம். ரிக்கற் எடுத்துத்தான் உள்ளே போகவேணும்.

கூரை இல்லாத கட்டடம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கட ஊர் மயிலிட்டி. 1990 ஜூனில் சனம் வெளிக்கிட்டது. துறைமுகமும் சுற்றியுள்ள காணியும் விடுபட்டது 2017 ஜூலை 3ஆம் திகதி. இருபத்தேழு வருசம். அதற்கு இடையில் பிறந்த நான், ஊரை முதன்முதல் பார்த்தது பதினான்கு வயதில். அம்மம்மா பற்றைக்குள்ளே நடந்து நடந்து தேடினா. வீடும் இல்லை, வேலியும் இல்லை, மதிலும் இல்லை. கடைசியில் ஒரு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, "இதுதான்" என்றா. கிணற்றிலிருந்து எட்டு வைத்து அளந்து குசினி, மண்டபம், விறாந்தை எல்லாம் எங்களுக்குக் காட்டினா. நாங்கள் பார்த்தது நாயுருவிப் பற்றையை.

அக்கா லிஸ்பனில் இருந்து கேட்டா: "எங்கட தலைநகரம் இப்ப எப்பிடி இருக்கு? படம் எடுத்து அனுப்பு."

நல்லூர் என்றால் எங்கட வயதுக்காரருக்குத் திருவிழா, மணிக்கடை, ஐஸ்கிறீம். அதை ஒரு தலைநகரமாகப் பார்க்க ஆர் போறது? கம்பஸிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு சனிக்கிழமை நானும் பையை மாட்டினேன். உள்ளே தண்ணீர்ப் போத்தல், குடை, இரண்டு றோல்ஸ். முதுகில் பை இருந்தால் ஆட்டோக்காரர் ஆங்கிலத்தில் கதைக்கிறார்கள், அது ஒரு தனிக் கதை.

முத்திரைச் சந்தியில் சங்கிலியன் குதிரையில் நிற்கிறார். 1974இல் வைத்து, 2011இல் புதுப்பித்த சிலை. உண்மையான இரண்டாம் சங்கிலியை 1619இல் பிலிப் டி ஒலிவேரா பிடித்தான். பிறகு கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621இல் பழைய கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது. நாங்கள் இப்போது கும்பிடுகிற கோயில் 18ஆம் நூற்றாண்டில் வேறு இடத்தில் எழும்பியது. பழைய கோயில் இருந்த இடத்தில் இன்றைக்கு ஒரு தேவாலயம் நிற்கிறது என்பது வழிவழியாக வருகிற பேச்சு.

சங்கிலியன் தோப்பு வளைவு அழகுதான். ஆனால் அதன் கட்டுமானத்தைப் பார்த்தால் ஐரோப்பியக் கை தெரியும். இப்போது நிற்கிற மந்திரிமனையும் அப்படித்தான், பிற்காலத்து வேலைப்பாடு. சுவரில் காதலர்களின் பெயர்கள் கீறிக் கிடக்கின்றன. ஓர் அரசின் தலைநகரத்தில், அரசன் காலத்தது என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரு சுவரை என்னால் படம் எடுக்க முடியவில்லை.

கல்லெல்லாம் எங்கே? போர்த்துக்கேயர் தலைநகரைக் கடற்கரைப் பக்கம் மாற்றினார்கள். கோயில் கல்லுகள் கோட்டைக்குப் போனதாகச் சொல்லப்படுகிறது. 1658இல் வந்த ஒல்லாந்தர் அந்தக் கோட்டையை ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். 1990 முற்றுகையில் அது சிதைந்தது, யுத்தம் முடிந்த பிறகு நெதர்லாந்துக் காசோடு திருத்தினார்கள். கட்டினவன் திரும்பி வந்து பராமரிக்கிறான், நல்ல விசயம். ஆனால் மந்திரிமனைக்குக் காசு அனுப்ப ஒரு நாடு இல்லை. அன்று பின்னேரம் கோட்டைக்கும் போனேன். வெள்ளைக்காரப் பொடியனும் பெட்டையும் கொத்தளத்தில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பழைய நகரம் இதுதானே?" என்று கேட்டார்கள். இல்லை, அது இங்கிருந்து மூன்று கிலோமீற்றர் என்றேன். "அங்கே பார்க்க என்ன இருக்கு?"

யமுனா ஏரி இருக்கு என்று சொன்னேன். காலையில் அங்கேதான் நெடுநேரம் நின்றேன். "ப" வடிவக் கேணி. சிங்கை அரசன் யமுனை நதித் தண்ணீரைக் காவடியில் கொண்டுவந்து ஊற்றினான் என்பது கதை. கதை எப்படியோ, தோண்டினது தோண்டினதுதான். மதிலைப் பிடுங்கிக்கொண்டு போகலாம், பள்ளத்தை எப்படிக் கொண்டுபோவது? வெள்ளைக்காரர் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் போனார்களோ தெரியாது.

இரவு அம்மம்மாவுக்குப் படங்களைக் காட்டினேன். சங்கிலியனையும் வளைவையும் விரலால் தள்ளித் தள்ளி விட்டா. ஏரிப் படத்தில் நிறுத்தி, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா.

"தண்ணி கிடக்கோ?"

"கிடக்கு அம்மம்மா. பாசி பிடிச்சுப்போய்."

"இறைச்சால் சரி வரும்," என்றா.