மேலூர் பஸ்ஸில் ஒரு நெட்வொர்க் பாடம்

பிகினர்ஸ் நெட்வொர்க்கிங் கோர்ஸ்ல ஏழு லேயரும் மனப்பாடம். ‘லைன் ஆஃப் சைட்’ மட்டும் மண்டையில ஏறலையா? மாட்டுத்தாவணியில மேலூர் பஸ்ஸைப் பிடிங்க பாஸ்! ஒத்தக்கடையில யானைமலை படுத்திருக்கும். டவருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல அது நின்னா சிக்னல் காலி. அவ்ளோதான் பாடம்!

மலை தாண்டினா வயலும் தென்னையுமா சமவெளி. 2001-ல ‘சாரி’ திட்டம் மேலூர் பக்கத்து கிராமங்களுக்கு கேபிள் இழுக்காமலே இன்டர்நெட் கொடுத்தது இங்கேதான். டெக்னாலஜி, சென்னை ஐ.ஐ.டி-யின் ‘கார்டெக்ட்’. மறைப்பு இல்லேன்னா 10 கி.மீ. எட்டும். வேகம் 70 கே.பி.பி.எஸ்.; போன் பேசினா அதுலயும் பாதி. சிரிக்காதீங்க! கிராமத்து கம்ப்யூட்டர் மையத்துல கண்ணை போட்டோ எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்ப அதுவே போதுமா இருந்தது. பஸ் ஏறி வரணுமா, வேணாமானு டாக்டர் அங்கிருந்தே சொல்லிடுவார்.