நிலையத்தில் எத்தனை ஜீப்?

மாத்தளை நீதவான் நீதிமன்றத்தில் எதிரிக்காக நான் தோன்றிய வழக்கு இது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராக்காரர்களுக்குள் மரக்கறிப் பாத்தி எல்லை பற்றித் தகராறு. ஒரு மழை இரவில் என் கட்சிக்காரர் பொலிஸ் அவசர இலக்கமான 119ஐ அழைத்து, பக்கத்து வீட்டுக்காரர் கட்டுத்துவக்கை வைத்துக்கொண்டு ஆளைச் சுடப் போகிறார் என்றார். பொலிஸார் மலையேறிப் போய், தூங்கிய பிள்ளைகளை எழுப்பி வீட்டைச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. அழைத்த சிம் என் கட்சிக்காரர் பெயரிலேயே இருந்ததால் மறுநாளே பிடிபட்டார்.

தண்டனைச் சட்டக்கோவையின் 180ஆம் பிரிவில் வழக்கு. பொய்யென்று தெரிந்தே அரச ஊழியருக்குத் தகவல் கொடுத்து, அவருடைய அதிகாரத்தால் இன்னொருவருக்குத் தொல்லை தர நினைப்பது குற்றம். "சும்மா வெளையாட்டுக்குத்தாங்க சேர்" என்றார் கட்சிக்காரர். ஆள் பெயரும் லய இலக்கமும் சொன்னவருக்கு ஜீப் யார் வாசலில் நிற்கும் என்று தெரியாதா? அந்த வாதம் நிற்காது என்று அவரிடம் சொன்னேன்.

சாட்சிக் கூண்டில் நின்ற சார்ஜன்டிடம் நீதவான் கேட்டார்: "அன்றிரவு நிலையத்தில் எத்தனை ஜீப்?"

"ஒன்றுதான், கனம் நீதவான் அவர்களே."

"அது மலையில் நின்றபோது கீழே யாராவது கூப்பிட்டிருந்தால்?"

சார்ஜன்டிடம் பதில் இல்லை. அப்படிக் கூப்பிட்டிருக்கக்கூடிய மூன்றாம் ஆளுக்கு ஏதாவது நேர்ந்ததென்று நிரூபிக்கும்படி 180ஆம் பிரிவு கேட்பதில்லை. பொய் சொன்னவரின் அறிவையும் நோக்கத்தையும்தான் பார்க்கிறது. ஆனால் குற்றத்தின் முழுப் பாரமும் அந்த மூன்றாம் ஆளின் தலையில்தான் என்பது என் உறுதியான எண்ணம். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்பு நாடெங்கும் வந்தது. லொறியில் நோயாளியை ஏற்றிப்போன தோட்டங்களுக்கு இலவசமாகக் கிடைத்த உயிர்க்காப்பு அது. அதையும் பொய் சொல்லி அலைக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கரண்ட் போனதற்கு 119ஐ அழைப்பவரை நான் என் கட்சிக்காரரோடு சேர்க்கமாட்டேன். மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்தைத் தமிழில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிரட்டுக்களத்திலும் கோயில் வாசலிலும் அதை எழுதிவைத்தால் அந்த அழைப்பு நின்றுவிடும். வேண்டுமென்றே சொல்லும் பொய்யை நிறுத்தச் சட்டம்தான் வேண்டும்.

கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதத்தோடு பக்கத்து வீட்டுக்காரருக்கு நட்டஈடும் கொடுக்கக் கட்டளை வந்தது. மேன்முறையீடு செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம், கட்டிவிடுங்கள் என்றேன்.