கேன்பரா விமானமும் அம்மாவின் கேள்வியும்

விங் கமாண்டர் பத்மநாப கௌதம். டிஜிட்டல் டெஸ்க்கில் 5 கார்டு போடச் சொல்லி எனக்கு வந்த பெயர். அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

போர்க்கள வீரத்துக்கு, பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த விருது மகாவீர் சக்ரா. அதை இரண்டு முறை வாங்கியவர்கள் இந்தியாவில் 6 பேர்தான். விமானப்படையில் இருவர்: ஜக் மோகன் நாத், கௌதம். இருவரும் கேன்பரா விமானம் ஓட்டியவர்கள்.

1965 போரின்போது கௌதம், குண்டுவீச்சு விமானிகளுக்கான பயிற்சிப் பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவும் போரில் இறங்கியது. பாகிஸ்தான் விமானத் தளங்கள் மீதான தாக்குதல்களை அவர் வழிநடத்தினார். 1971-ல் 16-வது ஸ்குவாட்ரனின் தளபதியாக, மியான்வாலி தளத்தைத் தாக்கினார். போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1972 நவம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இதைச் சத்தமாகப் படித்தேன். காரணம், தம்பி. 17 வயது. விமானப்படையில் அக்னிவீர் தேர்வுக்குப் படிக்கிறான். 18 ஆகாததால் அம்மா கையெழுத்து வேண்டும். அம்மா பிடி கொடுக்கவில்லை.

"செமல்ல?" என்றான் தம்பி.

அம்மா கீரை ஆய்ந்தபடியே கேட்டார்: "அந்த ஃப்ளைட்ல எத்தனை பேரு?"

இரண்டு பேர். பைலட், நேவிகேட்டர். ஜி.பி.எஸ். இல்லாத காலம். இருட்டில் வழி கணக்குப் போட்டுச் சொல்வது நேவிகேட்டர்தான். ஆனால், குண்டுவீச்சுக்குப் போன அந்த ரக கேன்பராவில், ஆபத்து வந்தால் ஆளை வெளியே தூக்கி எறியும் இருக்கை பைலட்டுக்கு மட்டுமே உண்டு. நேவிகேட்டர் கதவு வரை போய், பாராசூட்டோடு குதிக்க வேண்டும். தாழப் பறக்கும்போது அதற்கு ஏது நேரம்?

"அப்போ ஓட்டுறவருக்கு ரெண்டு உசுரு பொறுப்பு" என்றார் அம்மா. பிறகு தம்பியிடம், "நீ எந்த சீட்டுடா?"

"நான் பைலட் இல்லம்மா. டெக்னிக்கல் வேலை கெடைச்சா, கீழ நின்னு ஃப்ளைட்டை செக் பண்ணுவேன்."

"அப்போ அந்த ரெண்டு பேரும் உன்னை நம்பித்தானே ஏறணும்?"

தம்பியிடம் பதில் இல்லை. அதுவரை யூனிஃபார்ம் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தவன், அன்று இரவு ஃபிசிக்ஸ் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தான்.

படிவம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால், "கடைசித் தேதி எப்போ?" என்று நேற்று அம்மாவே கேட்டார்.