புதுமண்டபத்துத் தையல் சத்தம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் இப்போது கடைகள் கிடையாது. குன்னத்தூர் சத்திரத்தில் எழும்பிய புதுக் கட்டடத்துக்கு அவற்றை மாற்றிவிட்டார்கள். நான்கு வரிசையாக நிற்கும் 124 தூண்களும் இப்போதுதான் மறைப்பில்லாமல் தெரிகின்றன. கல்வேலை தெரிந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. எனக்கும்தான். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் நெஞ்சு கனத்துப்போகிறது.

திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. கோடைக்கு இதமாக, சுற்றிலும் தண்ணீர் நிற்கும்படி அமைத்திருந்தார்கள். விஸ்வநாதர் தொடங்கித் திருமலை வரை பத்து நாயக்கர்களும் நடுத்தூண்களில் கைகூப்பி நிற்கிறார்கள். கல் யானை கரும்பு தின்கிறது. மூன்று முலைகளோடு தடாதகையாக மீனாட்சி நிற்கிறாள். ராவணன் கயிலையைத் தூக்குகிறான். நான் சிறுவனாக இருந்தபோது இவர்களில் பாதிப் பேரைப் பார்த்ததே இல்லை. ரவிக்கைத் துணியும் பித்தளைக் குத்துவிளக்கும் வளையல் சரமும் அவர்களை மூடியிருந்தன. ராவணனின் தோள்களுக்குப் பக்கத்தில் பழைய பாடப்புத்தகங்கள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். ஜூன் மாதம் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் அங்கே மொய்ப்பார்கள்.

தையல்காரர்கள் தூணுக்கும் தூணுக்கும் இடையே கால் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பங்குனி பிறந்தால் அவர்களுக்குத் தலைநிமிர நேரமிருக்காது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மீது தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்களுக்கு உடுப்பு தைத்தாக வேண்டும். இடுப்புக்குச் சல்லடம், தலைக்கு உருமா, சிவப்பும் மஞ்சளுமாக வெல்வெட் துணி, ஓரமெல்லாம் ஜரிகை. ஒரு சித்திரைக்கு எனக்கும் நேர்ந்திருந்ததால் அப்பத்தா கூட்டிப்போனார். வாயில் ஊசியைக் கவ்வியபடியே அளவெடுத்த தையல்காரர், "கைய விரிங்க ராசா, அழகரு பாக்க வேணாமா?" என்றார். நாடாவின் முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் யாளியின் காலில் சுற்றி வைத்திருந்தார். அந்த இடம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறி, தொட்டால் வழவழவென்று இருந்தது. துணி வெட்டும் பலகையும் அதே தூணில்தான் சாய்ந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே தூணடியில் உட்கார்ந்து தைத்த குடும்பங்கள் அங்கே உண்டு.

இது கல்லுக்கு நல்லதல்ல என்பதை மறுக்க முடியாது. ஆணி அடித்தார்கள், விளக்குப் புகை படிந்தது, தூண் தூணாக மின்கம்பி ஓடியது. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து அதன் கற்கள் வெடித்து விழுந்த செய்தி கேட்டு, வெளியூரில் இருந்த நாங்கள் தூங்கவில்லை. அதன்பிறகு கோயில் கடைகள் வெளியேறின. புதுமண்டபத்தையும் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. கடைகளை எடுத்தது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

மதுரை எப்போதும் இடித்தும் மாற்றியும் வளர்ந்த ஊர். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில்தான் இன்றைய வெளி வீதிகள் ஓடுகின்றன. அவர் நினைவுக்கு நிறுத்தியதுதான் விளக்குத்தூண். கோட்டையை இடித்த வேலையில் உழைத்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப்பெயர்களாக இன்னும் இருக்கிறார்கள். திருமலை நாயக்கர் மகாலில் எஞ்சியது நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். 1952-இல் பராசக்தி ஓடிய தங்கம் தியேட்டரும் போய்விட்டது. தியேட்டர் போனதில்கூட எனக்கு இவ்வளவு வருத்தமில்லை. அதன் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். புதுமண்டபத்துத் தையலுக்கோ காலம் முடியவில்லை. அழகர் ஆண்டுதோறும் வைகையில் இறங்குகிறார், தோப்பரை என்னும் தோல் பையில் தண்ணீர் நிரப்பி ஆயிரக்கணக்கானவர்கள் காத்து நிற்கிறார்கள். தைப்பவரும் இருக்கிறார், போடுபவரும் இருக்கிறார். இருவரும் சந்தித்த இடம்தான் இல்லை.

புதுக் கட்டடத்தில் ஷட்டர் போட்ட கடைகள் வரிசையாக இருக்கின்றன. வெளிச்சமும் பாதுகாப்பும் உண்டு. அங்கே தைத்தாலும் உடுப்பு அதே உடுப்புதான். ஆனால் வெயிலில் வந்தவர்கள் கல்தரையில் உட்கார்ந்து காத்திருக்க, அளவு கொடுக்கும் பிள்ளை அண்ணாந்து பார்த்தால் யாளியின் வாயில் உருளும் கல் தெரியும் வாய்ப்பு அங்கே இல்லை. சிற்பத்தைப் பார்க்கவென்று யாரும் என்னை அழைத்துப் போனதில்லை. உடுப்புக்காகப் போய் நின்றபோதுதான் பார்த்தேன்.

கடைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பங்குனி கடைசியிலிருந்து அழகர் ஆற்றில் இறங்கும்வரை மட்டும், ஆணியும் மின்கம்பியும் இல்லாமல், சில கால் மிஷின்களுக்கு அங்கே இடம் கொடுக்கலாம். கால் மிஷினுக்குக் கரண்ட் தேவையில்லை. பகலில் தைத்துவிட்டு மாலையில் எடுத்துப் போய்விடலாம். விழாவுக்கென்றே கட்டிய மண்டபத்தில் விழாவுக்கான உடுப்பைத் தைப்பதற்குத்தான் அனுமதி கேட்கிறோம். கோயில் நிர்வாகமும் தொல்லியல் தெரிந்தவர்களும் தையல்காரர்களோடு உட்கார்ந்து பேசினால் இதற்கு வழி பிறக்கும். அந்தத் தையல்காரர்கள் இன்னும் ஊரில் இருக்கும்போதே பேச வேண்டும்.