எண்ணெய்க் கிணறும் பென்சில் பேட்டரியும்

எங்கள் நாங்குநேரியில் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. உடனே என்னை ஷேக் ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணிவிடாதீர்கள். வானமாமலைப் பெருமாளுக்குத் தினமும் சாத்துகிற நல்லெண்ணெய், கோயில் கிணற்றில் போய்ச் சேருகிறது. மருந்து என்று ஜனங்கள் வாங்கிப் போவார்கள். அவ்வளவுதான்!

நிஜ எண்ணெய் தேசத்துக்குப் போனது எங்கள் அத்தான். 1996-ல் லீவுக்கு வந்தபோது, சென்ட் பாட்டிலுக்கு அடியிலிருந்து சாம்பல் கலரில் ஒரு டப்பாவை எடுத்தார். கேம்பாய்! நின்டெண்டோ கம்பெனியின் 1989 மாடல். இளைத்துப்போன 'பாக்கெட்' மாடல் அந்த 96-லேயே வந்தாச்சு. அத்தானுக்குத் தள்ளுபடியில் கிடைத்தது குண்டு அண்ணன்தான்.

நாலு பென்சில் பேட்டரி கேட்கும். ஸ்க்ரீன், பாசி பிடித்த குளம். உள்ளே விளக்கு கிடையாது. பட்டாசலில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. திண்ணை வெயிலுக்குக் கொண்டுவந்தால் பளிச்! ஆகவே டெட்ரிஸ் ஆட்டம் எல்லாம் திண்ணையில்தான். ஆஃப் பண்ணினால் ஸ்கோரை மறந்துவிடும் மெஷின் அது. அதனால் அத்தான் தன் ரெக்கார்டைக் கரித்துண்டால் சுவரில் எழுதினார்: 1,27,340. மூணாம் கிளாஸ் பையனான நான் அன்று முதல் அந்த நம்பரைத் துரத்துகிறேன். இன்னும் பிடிக்கவில்லை.

வேலைக்குப் போனபின் பழசாக வாங்கிச் சேர்த்தேன். 1998 'கலர்' அழகுதான், விளக்கில்லை. 2001 'அட்வான்ஸ்', அதிலும் இல்லை. (ஜப்பானில் கரன்ட் கட்டே கிடையாதோ?) 2003 'எஸ்.பி.'யில்தான் விளக்கு, சார்ஜர், மடக்கு மூடி எல்லாம். இயர்போன் ஓட்டையை மட்டும் காணோம்! 2005 'மைக்ரோ' தீப்பெட்டி சைஸ்; அத்தானின் கேசட்டை ஏற்காது. என் ஓட்டு எஸ்.பி.க்கே. பி.காம். படித்தவன் கணக்குப்படி குண்டு அண்ணனின் மதிப்பு, தேய்மானம் போக, பூஜ்யம்.

போன மாசம் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அத்தான் வெளிநாட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். சர்க்கரை, கண்ணில் ஆபரேஷன். மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது.

பழையதை வாங்கித் திண்ணையில் உட்கார்ந்தார். சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார்.

"என்னல இது... எல்லாம் ஒரே பச்சையால்லா இருக்கு?"

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பட்டாசலுக்குக் கூட்டிப்போய், அதே கேசட்டை எஸ்.பி.யில் செருகி, விளக்கைப் போட்டுக் கொடுத்தேன். படம் நடுவில் சின்னதாக வந்தது. ஓரத்துப் பொத்தானை அழுத்தினேன், அகலமாக விரிந்தது. கட்டைகள் கொஞ்சம் தொப்பை போட்டிருந்தன, எங்கள் இருவரையும் போல.

"ஆங்... இப்பம் தெரியுது."

முதல் ஆட்டம் நாலாயிரத்தில் காலி. அடுத்தது பதினோராயிரம். "இந்த மெஷின்ல அடிச்சா ரெக்கார்டு செல்லுமால?" என்றார். "செல்லும் அத்தான்" என்றேன்.

வாசலில் பிரஷ்ஷோடு நின்ற பெயிண்டர், "அண்ணாச்சி, திண்ணைச் சுவத்துல என்னமோ நம்பர் கெடக்கே, அடிச்சிரட்டுமா?" என்று கேட்டார்.

அத்தான் தலையை நிமிர்த்தவில்லை.

"செத்த பொறுங்க. நீளக் கட்டை ஒண்ணு வரட்டும்."