இது கண்ணில பிழையில்லை

தலையிடி எண்டு வீட்டில சொன்னால் முதல் வாற பதில், "ஃபோனைத் தூக்கி வை." அடுத்தது, "கண்ணைக் காட்டுவமோ?" மூன்றாவதை எல்லாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: படிக்கக் கள்ளம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற எங்கள் நாலு பேருக்கும் இந்த மூன்று தீர்ப்பும் கிடைத்திருக்கிறது. ஒருத்திக்குக் கண்ணாடியும் கிடைத்தது. தலையிடி கண்ணாடிக்குப் பின்னாலும் அப்படியே இருக்கிறது.

எங்கட தலையிடிக்கு ஒரு நேரசூசி உண்டு. சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு இரசாயனவியல், பிறகு பௌதிகவியல். சாய்மானம் இல்லாத வாங்கு, தகரக் கூரை, முன்னுக்கு இருக்கிற ஆளின் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்து எழுதுகிற எழுத்து. பத்து மணிபோல பிடரியில் தொடங்கும். மத்தியானம் தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டின மாதிரி. துடிக்காது, குத்தாது, இரண்டு பக்கமும் இறுக்கும். ரென்ஷன் தலையிடி என்று வைத்தியர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அரை மணித்தியாலத்திலும் போகும், ஒரு கிழமையும் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் துடித்து, சத்தி வாற மாதிரி இருந்து, வெளிச்சமே பார்க்க ஏலாமல் போனால் அது மைக்ரேனாக இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, திடீரென்று தாங்க ஏலாத இடி வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எங்களில் ஒருத்தி தேர்ட் சை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்கு மேல் எழுத ஏலாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம்தான், ஆனால் அவளுக்கு அது பிடரியில் இருக்கிறது. நாலு தசமதானம் வரைக்கும் வருகிற இசட் புள்ளியில் போனமுறை கொஞ்சத்தில் தவறியவள். நோவு பெரிசில்லை என்பாள். "ஒரு மணித்தியாலம் படுத்தால், அந்த நேரம் வேற யாரோ ஒரு பாஸ்பேப்பர் செய்து முடிச்சிடுவாள்." அந்த யாரோ ஒருத்தியை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. ஆனால் எங்கள் எல்லாருடைய அறையிலும் அவள் இருக்கிறாள், நித்திரையே கொள்ளாமல்.

அதனால்தான் பென்சில் பெட்டியில் பனடோல் அட்டை. குளிசை ஒன்று 500 மில்லிகிராம், வளர்ந்தவர் ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. இது அட்டையிலேயே இருக்கும். அட்டையில் இல்லாதது வேறொன்று: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டிக் குடித்துக்கொண்டே இருந்தால் அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரத் தொடங்கும். ஓபிடியில் ஒரு டொக்டர்தான் அவளிடம் கேட்டார், "மாதத்தில எத்தனை நாள் போடுறீர்?" அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

அவர் சொன்னபடி கலண்டரில் தலையிடி வந்த நாளுக்குப் புள்ளடி போடத் தொடங்கினோம், நாலு பேரும். சனி, ஞாயிறு, திங்கள் நிறையப் புள்ளடி. காலமை சாப்பிடாமல் ஓடின நாளெல்லாம் புள்ளடி. புதன்கிழமைகள் மட்டும் வெறுமையாக இருந்தன. அவளுடைய அப்பா கலண்டரைக் கனநேரம் பார்த்துவிட்டு, "புதன்கிழமை என்னம்மா செய்யிறனி?" என்று கேட்டார். பின்னேரம் ஒழுங்கைப் பிள்ளைகளோடு வலைப்பந்து. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, "இண்டைக்கு விளையாட்டு இல்லையோ?" என்றார்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். பிடரிக்குச் சுடுதண்ணி ஒத்தடம், அம்மம்மாவின் கையால் சித்தாலேப, போத்தலில் தண்ணி. "ரென்ஷன் ஆகாதே" என்கிற அறிவுரை மட்டும் ஒரு நாளும் வேலை செய்யவில்லை, சொல்லுகிறவர்களுக்கே அது வேலை செய்வதில்லை.

போன கிழமை நாலு பேருமாகப் போய், மூன்று மணித்தியால வகுப்புக்கு நடுவில் பத்து நிமிசம் இடைவேளை கேட்டோம். சேர் ஐந்து தந்தார். வெளியே போனால், எங்களைவிட முதல் மாமரத்தடியில் இருபது பேர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.